ட்ரெய்லர் முதல் குட்டி யானை வரை: வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் கார்பனைக் குறைக்க எங்கே தொடங்குவது

மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நாலு வண்டியோ நாற்பது வண்டியோ வைத்து ஓட்டுகிறீர்கள். இல்லையென்றால் அப்பா நடத்திய டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். லோடு கொடுக்கும் பெரிய கம்பெனியில் இருந்து ஒரு மெயில் வருகிறது: உங்கள் வண்டிகள் மாதம் எவ்வளவு கார்பன் விடுகின்றன, அதை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று. இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. பங்குச் சந்தையில் இருக்கும் முதல் 1000 கம்பெனிகள் தங்கள் சுற்றுச்சூழல் கணக்கை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2022-23 நிதியாண்டில் இருந்து கட்டாயமாக்கிவிட்டது, அவர்கள் தங்கள் கணக்கை முடிக்க லாரிக்காரரிடம் வந்துதான் ஆக வேண்டும்.

மெயிலைப் பார்த்ததும் பலர் நேராக மின்சார லாரி என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்புகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே, அது கடைசிப் படி என்பதுதான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நாலைந்து இருக்கின்றன, அவற்றில் பாதிக்குப் பணமே தேவையில்லை, எல்லாமே டீசல் பில்லைக் குறைப்பவை.

கம்பெனி கேட்கிறது என்பதற்காக மட்டும் செய்யாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் நாட்டிலேயே கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது மணலியும் அதில் இருந்தது. ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் எல்லாம் ஒரு பக்கம் என்றால், அந்தக் காற்றோடு நம் வண்டிப் புகையும் சேர்ந்துதான் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளுக்குள் போகிறது. அந்த வீடுகளில் நம் டிரைவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதலில் லிட்டரை எழுதுங்கள்

கார்பன் கணக்கு என்றதும் பெரிய படிப்பு என்று பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. பழைய வண்டி, புது வண்டி, எந்தக் கம்பெனி வண்டி என்று எந்த வித்தியாசமும் இல்லை. பி.எஸ்.6 வண்டி வாங்கினால் கார்பன் குறையும் என்று நினைப்பவர்கள் நிறைய. 2020 ஏப்ரல் முதல் வந்த அந்த விதி கரும்புகையையும் நைட்ரஜன் ஆக்சைடையும் பிடிப்பதற்கானது. நுரையீரலுக்கு அது பெரிய உபகாரம்தான், ஆனால் லிட்டர் குறைந்தால்தான் கார்பன் குறையும். ஆக உங்கள் முழு வேலையும் லிட்டரைத் துரத்துவதுதான்.

லிட்டரைச் சரியாக அளப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மிச்சமோ பற்றாக்குறையோ அவர் பாடு என்று விட்டுவிட்டால் உங்களிடம் எண் எதுவும் நிற்காது. டாங்க் ஃபுல் முறைக்கு மாறுங்கள். வழக்கமாக ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், பைப் முதல் தடவை தானாகக் கட்டாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஆட்டி ஆட்டி நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். பில்லின் பின்பக்கம் ஓடோமீட்டர் எண்ணை எழுதி ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை ஃபுல் போடும்போது ஊற்றிய லிட்டர்தான் நடுவில் எரிந்த லிட்டர். மீட்டர் வேலை செய்யாத வண்டி என்றால் முதல் செலவாக அதைச் சரி பண்ணுங்கள்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கிலோமீட்டர், லிட்டர், லோடு எத்தனை டன், காலியாக ஓடியது எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றது என்று போட்டு வந்தால் போதும். எக்செல் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் நோட்டுப் புத்தகம். கடைசி இரண்டு கட்டங்களை யாரும் நிரப்ப விரும்ப மாட்டார்கள். அவைதான் முக்கியம், விடாதீர்கள். ஜி.பி.எஸ். போட்ட வண்டியாக இருந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டு வண்டி நின்ற நேரத்தை அதுவே தனியாகக் காட்டும். பெரும்பாலானவர்கள் அதை வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க மட்டுமே திறக்கிறார்கள்.

மூன்று மாதம் இப்படி எழுதினால் எந்த வண்டி குடிக்கிறது, எந்த ரூட் தின்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் எதையும் வாங்காதீர்கள்.

வரிசையில் எரியும் டீசல்

வடசென்னையில் வண்டி வைத்திருப்பவருக்குப் பெரிய லாபம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மற்ற ஊர்க்காரருக்குச் சொல்லும் ஆலோசனைகளில் இது கடைசியில் ஒரு வரியாக வரும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் கன்டெய்னரோடு நின்றவர்களுக்குத்தான் தெரியும், இதைத்தான் முதலில் பேச வேண்டும் என்று.

ராத்திரி பத்து மணிக்கு வரிசையில் நிற்கும் ட்ரெய்லர் ஒன்றைக் கிட்டே போய்ப் பாருங்கள். முன்னால் இருக்கும் வண்டி பத்தடி நகரும், இவர் முதல் கியரில் பத்தடி நகர்வார், நிற்பார், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால், "எஞ்சினை ஆஃப் பண்ணா கொசு தூக்கிட்டுப் போவுதுண்ணா, ஃபேன் போட்டா பேட்டரி எறங்கிடுது, காலைல செல்ஃப் எடுக்கலன்னா பின்னாடி வண்டிக்காரன் சும்மா விடுவானா" என்பார். அவர் சொல்வது அத்தனையும் நியாயம். இவருக்கு டீசல் சிக்கனம் பற்றி வகுப்பு எடுத்தால் என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ட்ரெய்லர் மாதம் 3000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால் 1000 லிட்டர், அதாவது சுமார் 2.7 டன் கார்பன் டை ஆக்சைடு. அதே வண்டி நாளுக்கு 4 மணி நேரம் எஞ்சின் ஓடியபடி நிற்கிறது, மணிக்கு 2 லிட்டர் எரிக்கிறது, மாதம் 25 நாள் என்று வைத்தால் அந்த 1000 லிட்டரில் 200 லிட்டர் இதற்கே போகிறது. ஐந்தில் ஒரு பங்கு டீசல், ஒரு அடி தூரம்கூட சரக்கைக் கொண்டுபோகாமல் புகையாகப் போயிருக்கிறது. உங்கள் வண்டியின் மணிக்கணக்கு வேறாக இருக்கலாம், அதனால்தான் எழுதச் சொன்னேன்.

இதைக் குறைக்க மூன்று வேலை. முதல் வேலை டிரைவரின் வசதி: எஞ்சின் ஓடாமலேயே சுற்றும் குறைந்த மின்சாரம் இழுக்கும் 24 வோல்ட் ஃபேன், கேபினுக்கு அளவெடுத்துத் தைத்த கொசுவலை, நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி. ஃபேனுக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி வைத்து, வண்டி ஓடும்போது அது சார்ஜாகும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒயரிங் பண்ணினால் செல்ஃப் எடுக்காதோ என்ற பயமும் போய்விடும். ஒரு வண்டிக்கு ஆகும் செலவை இரண்டு மூன்று மாத டீசலில் எடுத்துவிடலாம் என்று உங்கள் நோட்டுக் கணக்கே காட்டும்.

இரண்டாவது, பேப்பர் ரெடியாகாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். துறைமுகத்துக்குள் பெட்டியை விடும் அனுமதிச் சீட்டான ஃபார்ம் 13 வரவில்லை, வி.ஜி.எம். என்ற சரிபார்த்த மொத்த எடை ஏறவில்லை, பெட்டியை எடுக்கக் கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டர் மாலைக்குள் வந்துவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார், "நீ போய் லைன்ல நில்லு, நான் அனுப்புறேன்" என்று டிரைவரை அனுப்புவது நம் ஆபீஸ்களில் ரொம்ப வழக்கம். வண்டி நிற்க வேண்டிய இடம் யார்டு, அல்லது மாதவரம் லாரி முனையம் மாதிரி எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிற இடம். எல்லாம் கைக்கு வந்த பிறகு கிளம்பட்டும். சரக்குக்காரரிடம் ஹால்டிங் சார்ஜை, அதாவது வண்டி காத்து நிற்பதற்கான கட்டணத்தை, எழுத்தில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் வண்டி நின்றால் அவருக்கும் வலிக்கும் என்று ஆகிவிட்டால் பேப்பர் சீக்கிரம் வரும்.

மூன்றாவது, நேரம். எந்த நாள், எந்த மணியில் கேட் இலகுவாக இருக்கிறது என்று உங்கள் சொந்த நோட்டே மூன்று மாதத்தில் சொல்லிவிடும். கப்பலுக்குப் பெட்டி கொடுக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் நெருங்கும் கடைசி இரவில் எல்லோரும் கிளம்புவார்கள். ஒரு நாள் முன்னால் பெட்டி கொடுக்கும் சரக்குக்காரருக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்கூட உங்களுக்கு நஷ்டமில்லை.

காலி ஓட்டம்

சி.எஃப்.எஸ்., அதாவது துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கில் இருந்து லோடு பெட்டியைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுக் காலி ட்ரெய்லராகத் திரும்புகிறோம். அதே நாள் இன்னொருவர் காலி ட்ரெய்லரோடு போய் இறக்குமதிப் பெட்டியை ஏற்றி வருகிறார். இரண்டு வண்டி செய்ததை ஒன்று செய்திருக்கலாம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று இடத்தில் கன்டெய்னர் முனையங்கள் இருக்கும் ஊர் நம்முடையது. காட்டுப்பள்ளியில் இறக்கிய வண்டி, எண்ணூரில் ஏற்ற வேண்டிய பெட்டிக்காக ராயபுரம் வரை வெறுமனே வந்து திரும்பிப் போகக் கூடாது.

தனியாக ஒருவரால் இது முடியாது. பக்கத்து ஆபீஸ்காரரோடு சேர்ந்தால்தான் முடியும். நம்பகமான நாலு பேர் சேர்ந்து காலையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இன்று எந்த முனையத்தில் எத்தனை பெட்டி போடுகிறோம், எத்தனை எடுக்கிறோம் என்று போட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள். வாடகையை எப்படிப் பிரிப்பது, பெட்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று முதல் நாளே பேசி எழுதிவிடுங்கள். அது பேசாததால்தான் இந்த மாதிரிக் குழுக்கள் ஒரு மாதத்தில் உடைகின்றன. பெங்களூரு மாதிரி தூர ரூட்டுக்கு மாதாமாதம் நிலையான எண்ணிக்கையில் பெட்டி போகிறது என்றால், தண்டையார்பேட்டை கன்டெய்னர் டெப்போவில் ரயில் கட்டணம் என்ன என்று ஒரு தடவை விசாரியுங்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ரயிலுக்கு ஆகும் கார்பன் லாரியைவிட ரொம்பக் குறைவு. டெப்போவுக்குக் கொண்டுபோவதும் அங்கிருந்து எடுப்பதும் அப்போதும் உங்கள் வண்டிதான்.

காற்று, வேகம், சர்வீஸ்

டயர் காற்றை டயர் சூடாக இருக்கும்போது பார்க்காதீர்கள், ராத்திரி நின்ற வண்டியில் காலையில் பாருங்கள். சுத்தியால் தட்டிச் சத்தத்தை வைத்துச் சொல்லும் டிரைவர்கள் இருக்கிறார்கள். பஞ்சராகி விட்டதா என்று அதில் தெரியும். 110 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் 90 இருக்கிறதா என்று தெரியாது. நல்ல கேஜ் ஒன்று வண்டிக்கு வண்டி வாங்கிக் கொடுங்கள். ஜோடி டயரில் உள்பக்க டயரின் வால்வுக்குக் கை எட்டாது என்பதால் அதை யாரும் பார்ப்பதே இல்லை, வெளிப்பக்க டயரே மொத்த எடையையும் சுமந்து சீக்கிரம் தேயும். வால்வு எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. 10 பி.எஸ்.ஐ. குறைந்தால் டீசல் சுமார் 1 சதவீதம் கூடும் என்பது பொதுவான கணக்கு. நைலான் டயரில் ஓடும் வண்டிகளை, டயர் மாற்றும் நேரம் வரும்போது ரேடியலுக்கு மாற்றுங்கள். ரேடியல் உருள்வதற்குக் குறைந்த சக்தி போதும்.

மீஞ்சூர்-வண்டலூர் வெளிவட்டச் சாலையில் ஏறியதும் 80ல் பறக்கும் ட்ரெய்லரை 60, 65ல் ஓட்டச் சொல்லுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறுவதால் அங்கே மிச்சமாகும் டீசல் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். ஏர் ஃபில்டர், நாசில், வீல் அலைன்மென்ட், பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா என்பதெல்லாம் உங்கள் மெக்கானிக்குக்கே தெரியும், தேதி போட்டுச் செய்ய வைப்பதுதான் உங்கள் வேலை. பி.எஸ்.6 வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஊற்றும் யூரியாக் கரைசல்தான் 'ஆட்ப்ளூ', அந்தப் பெயரில் உப்புத் தண்ணி மலிவாக வருகிறது, வாங்காதீர்கள். சென்சாரை ஏமாற்றும் டப்பா மாட்டி யூரியாவே ஊற்றாமல் ஓட்டும் வேலையும் வேண்டாம், சட்ட விரோதம் என்பது ஒரு பக்கம், அந்த நச்சுக் காற்று நம் தெருவில்தான் இறங்குகிறது.

டிரைவருக்குப் பங்கு

மைலேஜ் கூடினால் மிச்சமாகும் பணத்தில் டிரைவருக்குப் பங்கு கொடுங்கள், பாதியே கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அக்சிலரேட்டரில் இருப்பது அவர் கால். ரூட்டுக்கு ரூட், லோடுக்கு லோடு அளவு வேறு என்பதால் ஒரே இலக்கை எல்லோருக்கும் வைக்காமல், அந்தந்த வண்டி அந்தந்த ரூட்டில் போன மூன்று மாதம் என்ன கொடுத்தது என்பதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் பிடித்தம் வேண்டாம். பிடித்தம் என்று வந்தால் எண் பொய்யாகிவிடும், பொய் எண்ணை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. டிரைவர் பயிற்சிக்கு மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், அதாவது பி.சி.ஆர்.ஏ., வகுப்புகள் நடத்துகிறது. லாரி உரிமையாளர் சங்கம் மூலமாகக் கேட்டால் குழுவாக ஏற்பாடு செய்வது எளிது.

சரி, இப்போது மின்சார வண்டி

சின்ன வண்டிகளில் இருந்து தொடங்குங்கள். காசிமேட்டில் இருந்து மீன் எடுக்கும் லோடு ஆட்டோ, சௌகார்பேட்டையில் இருந்து கடைகளுக்குச் சரக்கு போடும் குட்டி யானை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் வண்டிகள். நாளுக்கு 60, 80 கிலோமீட்டர், தினமும் அதே ரூட், ராத்திரி அதே இடத்தில் நிற்கும் வண்டி என்றால் மின்சாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. டாடா ஏஸ் மின் வண்டி 2022ல் வந்தது, 21.3 யூனிட் பேட்டரி, சான்றிதழில் 154 கிலோமீட்டர் ரேஞ்ச் என்றது. லோடு ஏற்றி, நம் தெரு நெரிசலில், வெயிலில், சான்றிதழ் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும் என்று கணக்கு வைத்துத் திட்டமிடுங்கள், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும். வாங்கும் முன் ஒரு வாரம் உங்கள் சொந்த லோடோடு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், தர மாட்டேன் என்றால் அடுத்த டீலர்.

கார்பனில் என்ன ஆகிறது என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். நம் நாட்டு கிரிட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் டீசல் குட்டி யானை லிட்டருக்கு 14 தருகிறது என்றால் சுமார் 15 கிலோ விடும். அதே வேலைக்கு மின் வண்டி, சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து, 18 யூனிட் எடுக்கிறது என்றால் சுமார் 13 கிலோ. விளம்பரத்தில் சொல்வது போல பூஜ்யம் இல்லை. புகை நம் தெருவில் வராது, அது பெரிய விஷயம், ஆனால் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது, அதுவும் வடசென்னைதான். டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதிலும் கார்பன் இருக்கிறது, அதையும் சேர்த்தால் மின் வண்டிக்கு இன்னும் சாதகம். தமிழ்நாட்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடிக்கொண்டே போவதால் வருடா வருடம் மின் வண்டியின் கணக்கு நன்றாகும், டீசலின் 2.68 மாறாது.

இந்த இடைவெளியை நீங்களே பெரிதாக்கிக்கொள்ளலாம். யார்டு ஷெட்டின் கூரையில் சோலார் போடுங்கள். சென்னை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும், சுமார் 100 சதுர அடி இடம் பிடிக்கும். மேலே சொன்ன ஒரு வண்டிக்கு 5 கிலோவாட், 500 சதுர அடி. வெயில் பகலில், வண்டி சார்ஜாவது ராத்திரியில் என்பதுதான் வழக்கமான சிக்கல். ஆனால் மீன் வண்டிகளைப் பாருங்கள்: விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்து, உச்சி வெயிலில் சும்மா நிற்கின்றன. பேனல் அதிகமாக மின்சாரம் தரும் நேரமும் அதுதான். வடசென்னையில் மின்சாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் அபிப்பிராயம். மற்ற வண்டிகளுக்கு, பகலில் தயாராகும் சோலார் மின்சாரத்தை ஈ.பி. எப்படிக் கணக்கில் எடுக்கும் என்று பேனல் வாங்கும் முன்னால் பிரிவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வீட்டு இணைப்புக்குச் சொல்லும் விதி தொழில் இணைப்புக்கு அப்படியே வராது.

சார்ஜர் வைக்கும்போது நம் ஊருக்கென்று இரண்டு விஷயம். ஒன்று, வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலி, எண்ணூர் பக்கம் எவ்வளவு தண்ணீர் நின்றது, அதோடு எண்ணெயும் கலந்து வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். உங்கள் யார்டு சுவரில் அந்தத் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கு மேலே சார்ஜரையும் மெயின் பாக்ஸையும் மாட்டச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியன் கை எட்டும் உயரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். தண்ணீரில் நின்ற மின் வண்டியைச் சார்ஜில் போடவே கூடாது, சர்வீஸ்காரர் பார்த்துச் சரி என்ற பிறகுதான். இன்னொன்று உப்புக் காற்று: கடலுக்குப் பக்கத்தில் கனெக்டர், எர்த் கம்பி, பேனல் ஃபிரேம் எல்லாம் சீக்கிரம் அரிக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துத் துடைத்துப் பார்க்க ஆள் போடுங்கள். எர்த் சரியில்லாத இணைப்பில் வண்டியை மாட்ட வேண்டாம். வண்டி எண்ணிக்கை கூடக் கூட உங்கள் இணைப்பின் சாங்க்ஷன் லோடை, அதாவது ஈ.பி. அனுமதித்த மின் அளவைக் கூட்ட வேண்டிவரும், அதற்கு நாள் ஆகும், வண்டி புக் பண்ணும் அன்றே விண்ணப்பியுங்கள்.

பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் விலக்கு கொடுத்திருக்கிறது. நம்பர் பிளேட் பச்சை, எழுத்து மஞ்சள். தமிழ்நாட்டின் சாலை வரிச் சலுகைக்குத் தேதி வரம்பு உண்டு, நீங்கள் வாங்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு டீலரின் விலையைச் சரிபாருங்கள்.

பெரிய லாரி

ட்ரெய்லரை இழுக்கும் 55 டன் மின்சார ட்ராக்டர்கள் வந்துவிட்டன, எண்ணூரில் 1948ல் தொடங்கிய அசோக் லேலண்டே தயாரிக்கிறது. துறைமுகத்துக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் நடுவில் குறுந்தூரம் ஓடி, நாளில் பாதி வரிசையில் நிற்கும் வேலைக்கு அவை நன்றாகப் பொருந்தும். நிற்கும்போது மோட்டார் எதுவும் எடுக்காது. விலை டீசல் வண்டியைவிடப் பல மடங்கு என்பதுதான் தடை. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கென்று 500 கோடி ரூபாய் ஒதுக்கி, வண்டிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை விலையில் கழிக்கிறார்கள். அதற்குப் பழைய லாரியைப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஓடாமல் யார்டில் நிற்கும் பழைய வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளும் முன் இதை யோசியுங்கள். ஆனால் இந்த வண்டிகள் லோடோடு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் எடுக்கும், கிரிட் மின்சாரத்தில் ஓட்டினால் கார்பன் லாபம் கொஞ்சம்தான். நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒரு சார்ஜிங் யார்டும் பெரிய சோலார் கூரையும் போட முடிந்தால் இறங்குங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் பொறுப்பதில் தப்பில்லை.

கேஸ், பயோடீசல், மற்றவை

சி.என்.ஜி. பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை. ஒரு கிலோ சி.என்.ஜி. எரிந்தாலும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் டீசல் அளவு. எனவே டீசல் வண்டி லிட்டருக்கு எவ்வளவு தருகிறது, சி.என்.ஜி. வண்டி கிலோவுக்கு எவ்வளவு தருகிறது என்று இரண்டு மைலேஜையும் நேராக ஒப்பிடலாம். 15க்கு 19 என்றால் நல்ல லாபம், 15க்கு 16 என்றால் புகை குறையுமே தவிர கார்பன் பெரிதாகக் குறையவில்லை. எரியாமல் கசியும் மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு சூடாக்கும், அதனால் கேஸ் வாடை வந்தால் அன்றே பாருங்கள். சிலிண்டர் சோதனையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். வெளியில் கிட் மாட்டுவதாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்.சி.யில் ஏற்றம், இரண்டும் கட்டாயம்.

எல்.என்.ஜி., அதாவது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, தூர ஓட்டத்துக்கு. எண்ணூரில் 2019ல் தொடங்கிய இந்தியன் ஆயில் முனையத்தில்தான் அது மைனஸ் 162 டிகிரியில் கப்பலில் வந்து இறங்குகிறது, ஆனால் உங்கள் ரூட்டில் எங்கே நிரப்புவது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பல நாள் ஓடாமல் நின்றால் டாங்கில் இருப்பது ஆவியாகிப் போகும், ஆக வாரம் இரண்டு ட்ரிப் அடிக்கும் வண்டிக்கு வேண்டாம்.

பயோடீசல் நல்ல பொருள், பயன்படுத்திய சமையல் எண்ணெயில் இருந்து எடுத்தது என்றால் இன்னும் நல்லது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் டேங்கர் வைத்து, பில் இல்லாமல், லிட்டருக்குப் பத்து இருபது குறைவு என்று ஊற்றுவது பெரும்பாலும் கலப்பட எண்ணெய். நாசிலும் பம்பும் போய்விடும், இன்ஜின் வாரன்டியும் போய்விடும். உரிமம் பெற்ற விற்பனையாளர், தரச் சான்று, ஜி.எஸ்.டி. பில், வண்டிக் கம்பெனி எத்தனை சதவீதம் வரை அனுமதிக்கிறது என்ற எழுத்து, இவை இருந்தால் மட்டும். ஹைட்ரஜன் லாரிகள் சோதனை ஓட்டத்தில் இருக்கின்றன, நம் மாதிரிச் சின்ன உரிமையாளர் இன்று அதைப் பற்றி முடிவெடுக்க ஒன்றுமில்லை. டீசல் பைப்பில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை, 20 சதவீதம் மிச்சம் என்று சொல்லும் டப்பா, எதையும் வாங்காதீர்கள்.

கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது

மூன்று மாத நோட்டு இருந்தால் அந்த மெயிலுக்குப் பதில் ஒரு மணி நேர வேலை. அந்தக் கம்பெனி சரக்குக்காக ஓடிய வண்டிகளின் மொத்த லிட்டர், காலியாகத் திரும்பியதையும் வரிசையில் நின்றதையும் சேர்த்து, பெருக்கல் 2.68. மின் வண்டி இருந்தால் யூனிட் பெருக்கல் 0.7, சோலாரில் வந்தது தனியாக. பிறகு ஒவ்வொரு ட்ரிப்பிலும் எத்தனை டன் எத்தனை கிலோமீட்டர் போனது என்று பெருக்கிக் கூட்டுங்கள், அதுதான் டன்-கிலோமீட்டர். மொத்தக் கார்பனை அதால் வகுத்தால் ஒரு டன்-கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று வரும், எல்லாக் கம்பெனியும் கடைசியில் கேட்பது இந்த ஒரு எண்ணைத்தான். டீசல் மட்டும் எரிந்த கணக்கா, டீசல் தயாரிப்பதையும் சேர்த்ததா என்று ஒரு வரி குறிப்பிடுங்கள், 2.68 என்பது எரிந்ததற்கு மட்டும். போக்குவரத்துக் கார்பனைக் கணக்கிடும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14083 முறைப்படி வேண்டும் என்று கேட்டால் தயாரிப்புக் கணக்கும் சேர வேண்டும், அதற்கு எந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

கூடவே வரிசையில் நின்ற மணி நேரத்தையும் தனியாக ஒரு வரியில் போட்டு அனுப்புங்கள். அவர்கள் பேப்பர் தாமதத்தால் எரிந்த லிட்டர் அவர்கள் கணக்கிலும்தான் ஏறுகிறது. அந்த வரியைப் பார்த்த பிறகு ஃபார்ம் 13 எத்தனை மணிக்கு வரும் என்று பேசுவது உங்களுக்கு எளிது.